வேண்டாத டைம்ஷேர்: விற்பதா, விடுவதா?

ஷாப்பிங் மாலில் கூப்பன் நிரப்பிப் போட்டால் இரண்டு நாளில் பரிசு விழுந்திருப்பதாக போன் வரும். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால்தான் பரிசு. ஓட்டல் அரங்கு ஒன்றில் இரண்டு மணி நேரப் பேச்சு, மூணாறு, கோவா படங்கள், "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் சார்" என்று மேனேஜர் வந்து சொல்லும் கடைசிச் சலுகை, அப்புறம் கார்டு தேய்ப்பு. வீடு திரும்பும்போது கையில் 25 ஆண்டு விடுமுறை மெம்பர்ஷிப், அதாவது டைம்ஷேர், இருக்கும். இப்படி வாங்கியவர்களில் பலர் சில வருடங்கள் கழித்துக் கேட்பது ஒன்றுதான்: இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. "நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம்" என்பது ஒன்று. "பணம் கட்டாமல் விட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகாது" என்பது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் பொய். இரண்டாவது சிலருக்கு உண்மை, சிலருக்கு வம்பு. உங்களுக்கு எது என்பதை நீங்கள் கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட்தான் சொல்லும். அதைப் புரிந்துகொள்ள, வாங்கியது என்ன பொருள் என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

உண்மையில் எதை வாங்கினீர்கள்?

ஒரு விடுதி அறையை வருடத்தின் 52 வாரங்களாகப் பிரித்து, வாரத்துக்கு ஓர் ஆள் என்று விற்பதுதான் டைம்ஷேரின் மூல யோசனை. 1960-களில் ஐரோப்பாவில் முளைத்து, அமெரிக்காவில், குறிப்பாக ஃபுளோரிடாவில், பெரிய தொழிலாக வளர்ந்தது. இந்தியாவில் இதைப் பரவலாக்கியதில் சென்னைக்குப் பங்கு உண்டு. 1986-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானலையும் ஊட்டியையும் காட்டி நடுத்தரக் குடும்பங்களை ஈர்த்தது. 1996-ல் மஹிந்திரா குழுமம் கிளப் மஹிந்திரா என்ற பெயரில் இறங்கியது.

உலகம் முழுக்க இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பத்திர வகை: அந்த வாரத்தின் உரிமை உங்கள் பெயரில் பத்திரமாகவே பதிவாகும், வாரிசுகளுக்கும் போகும். அமெரிக்காவில் இது பரவலானது. மற்றது பயன்பாட்டு உரிமை: கட்டடத்தில் உங்களுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை, குறிப்பிட்ட வருடங்கள் தங்கிக்கொள்ள அனுமதி மட்டும் உண்டு.

இந்தியாவில் விற்கப்படுபவை ஏறக்குறைய எல்லாமே இரண்டாவது வகை. விற்கும்போது "சொத்து", "முதலீடு", "பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம்" என்றெல்லாம் பேசியிருப்பார்கள். ஆனால் பட்டா கிடையாது. வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தால் உங்கள் பெயர் வராது. கையில் இருப்பது ஒரு சேவை ஒப்பந்தம். சோர்வு தரும் செய்தி போலத் தோன்றினாலும், வெளியேற நினைப்பவருக்கு இது நல்ல செய்திதான். சொத்தைக் கைமாற்றுவதைவிடச் சேவை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது எளிது.

இந்த ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் எப்போதும் இருக்கும். எத்தனை இரவு, எந்த அளவு அறை, எந்தப் பருவம் என்பது முதலாவது. கிளப் மஹிந்திரா போன்றவை பருவங்களுக்குப் பர்ப்பிள், ரெட், ஒயிட், புளூ என்று நிறம் கொடுத்திருக்கின்றன. குறைந்த விலையில் வாங்கிய நிறத்துக்கு மே மாத ஊட்டியில் இடம் கிடைக்காது. இரண்டாவது, ஒருமுறை கட்டும் நுழைவுக் கட்டணம். மூன்றாவது, வருடாவருடம் கட்டவேண்டிய பராமரிப்புக் கட்டணம். ஆண்டுச் சந்தா, ஏஎம்சி, ஏஎஸ்எஃப் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர். போனாலும் போகாவிட்டாலும் இது உண்டு, மேலே ஜிஎஸ்டியும் உண்டு.

கட்டிய பணம் வேறு, கட்டப்போகும் பணம் வேறு

வெளியேறும் முடிவில் பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். "நாலு லட்சம் கொடுத்து வாங்கியதைச் சும்மா விடுவதா?" என்று நினைக்கிறார்கள். ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் அக்ரிமென்டில் உள்ள எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

நுழைவுக் கட்டணம் 4 லட்சம் ரூபாய். வருடத்துக்கு 7 இரவு, மொத்தம் 25 வருடம். பராமரிப்புக் கட்டணம் முதல் வருடம் 20,000. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 11-ஆவது வருடம் அது சுமார் 35,800 ரூபாயாக இருக்கும். 25-ஆவது வருடம் சுமார் 81,000. மொத்த காலத்துக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 10.97 லட்சம். அதாவது, மேனேஜர் அன்று மேசையில் எழுதிக் காட்டிய நாலு லட்சம் மொத்தச் செலவில் சிறிய பங்குதான்.

பத்து வருடம் கழித்து வெளியேற நினைப்பவருக்கு அந்த நாலு லட்சம் இருந்தாலும் போனாலும் திரும்பி வராத பணம். அவர் முடிவெடுக்க வேண்டியது மீதி 15 வருடத்துக்குக் கட்டவேண்டிய சுமார் 8.3 லட்சத்தைப் பற்றி. 11-ஆவது வருடம் கட்டும் 35,800 ரூபாயை 7 இரவால் வகுத்தால் ஓர் இரவுக்கு 5,100 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதே தரத்து அறை, அதே தேதியில், இணையத்தில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். 7,000 ரூபாய் என்றால், நீங்களும் வருடம் தவறாமல் போகிறவர் என்றால், வெளியேறத் தேவையே இல்லை. 4,500 என்றாலோ, மூன்று வருடமாகப் போகவே இல்லை என்றாலோ, ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கிடைக்காமல் விட்டால்கூட உங்களுக்கு லாபம்தான்.

ஏன் யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்?

மறுவிற்பனைச் சந்தை என்று சொல்லும்படி ஒன்று இங்கே இல்லை. காரணங்கள் எளிமையானவை. நுழைவுக் கட்டணத்தில் கணிசமான பகுதி பரிசுக் கூப்பன், அரங்கு வாடகை, விற்பனையாளர் கமிஷன் என்று விற்பதற்கே செலவாகிறது. அந்தப் பகுதிக்கு மறுநாளே மதிப்பு இல்லை. நிறுவனமே புதிய மெம்பர்ஷிப்பைத் தவணையும் சலுகையும் போட்டு விற்கும்போது உங்களுடைய பழையதை ஏன் வாங்கவேண்டும்? வேறு பெயருக்கு மாற்ற நிறுவனத்தின் சம்மதமும் மாற்றுக் கட்டணமும் தேவை. முதல் உறுப்பினருக்குக் கொடுத்த சில சலுகைகள் அடுத்தவருக்குப் போகாது என்று எழுதியிருப்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குகிறவர் உங்களிடமிருந்து அறையை மட்டும் வாங்கவில்லை, மீதி வருடங்களின் பில்லையும் சேர்த்து வாங்குகிறார். அமெரிக்காவில் பல்லாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய டைம்ஷேர்களை இபே தளத்தில் ஒரு டாலருக்குப் போட்டும் ஆள் கிடைக்காமல் நிற்பது சகஜம்.

"வேண்டாம் என்றால் நாங்களே லாபத்தோடு திருப்பி வாங்கிக்கொள்கிறோம்" என்று யாராவது விற்றிருந்தால் அது வேறு ஆபத்து. பணம் போட்டால் பெருக்கித் தருவதாகச் சொல்லும் திட்டத்துக்கு, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பதிவு வேண்டும். மும்பையின் பான்கார்ட் கிளப்ஸ் இதற்குப் பெரிய உதாரணம். ஓட்டல் அறை இரவுகளை விற்பதாகச் சொன்னது. தங்காதவர்களுக்குக் காலம் முடிந்ததும் கூடுதல் தொகை தருவதாகவும் சொன்னது. இது விடுமுறைத் திட்டம் அல்ல, அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று செபி முடிவு செய்து, திரட்டிய சுமார் 7,035 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்க 2016-ல் உத்தரவிட்டது. அந்த நிறுவனம் பிறகு திவால் நடவடிக்கைக்குப் போனது. உங்கள் ரசீதில் முதிர்வுத் தொகை, சரண்டர் மதிப்பு என்றெல்லாம் எழுதியிருந்தால், இந்தக் கட்டுரையில் சொல்லும் வழிகளோடு செபிக்கும் ஒரு புகார் போடவேண்டும்.

வெளியேறும் கதவுகள், வரிசைப்படி

வரிசை முக்கியம். செலவு குறைந்த கதவு முதலில்.

1. கையெழுத்துப் போட்ட முதல் சில நாட்கள். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. மனம் மாறினால் இத்தனை நாளில் ரத்து செய்யலாம் என்ற சட்ட உரிமையும் இல்லை. ஆனால் பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் அப்படி ஓர் அவகாசம் எழுதியிருக்கும். பரவலாகக் காணப்படுவது 10 நாள். இந்த நாட்களுக்குள் எழுதிக் கொடுத்தால் பணம், சிறு பிடித்தத்தோடோ பிடித்தம் இல்லாமலோ, திரும்ப வரவேண்டும். விற்றவருக்கு போன் செய்து சொல்வது எழுதிக் கொடுத்ததாக ஆகாது. அவர் "சார், மேனேஜர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை பேசலாம்" என்று 11-ஆவது நாள் வரை இழுப்பார். கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல், அதே கடிதம் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில். மூன்று வரி போதும்: "இந்த எண்ணுள்ள ஒப்பந்தத்தில் இந்தத் தேதியில் கையெழுத்திட்டேன். ஒப்பந்தத்தின் இந்தப் பிரிவின்படி அதை ரத்து செய்கிறேன். செலுத்திய இவ்வளவு ரூபாயை இந்தக் கணக்கில் திருப்பிச் செலுத்தவும்." காரணம் எழுதத் தேவையில்லை, எழுதினால் அதைச் சமாதானப்படுத்த ஒருவர் போன் செய்வார்.

2. நிறுவனத்திடமே சரண்டர். அவகாசம் தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கு நடைமுறையில் திறக்கும் கதவு இதுதான். நீங்கள் விட்டுக்கொடுக்கும் இரவுகளை நிறுவனம் இன்னொருவருக்கு விற்கலாம்; எனவே பணம் திருப்பிக் கேட்காத உறுப்பினரை விடுவிப்பதில் அவர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. முதலில் மீதமுள்ள வருடங்களுக்கு விகிதப்படி பணம் கேளுங்கள். கிடைக்காவிட்டால், திரும்பப் பணம் வேண்டாம், நிலுவையும் கேட்கக்கூடாது என்ற இடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டின் பில் வருவதற்கு முன்னால் கேட்பது நல்லது. சேர்த்து வைத்த இரவுகள் இருந்தால் அவற்றை முதலில் பயன்படுத்திவிடுங்கள்.

இந்தப் பேச்சில் ஒரு பொறி உண்டு. "கேன்சல் எதற்கு சார், பாயின்ட் திட்டத்துக்கு மாற்றித் தருகிறோம், கொஞ்சம் வித்தியாசத் தொகை மட்டும்" என்பார்கள். விடப் போனவர் புது ஒப்பந்தத்தோடு, புது 25 வருடத்தோடு திரும்பி வருவது இப்படித்தான்.

3. தெரிந்தவருக்கு மாற்றிக் கொடுப்பது. வருடாவருடம் ஊர் சுற்றும் மச்சினர் குடும்பம் இருந்தால் இது நல்ல வழி. ஆனால் பெயர் மாறியதாக நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வரும்வரை பில்லுக்குப் பொறுப்பு நீங்கள்தான். சொந்தத்துக்குள் வெற்றுத்தாளில் எழுதிக்கொண்டால் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது.

4. கட்டணத்தை நிறுத்துவது.

5. நுகர்வோர் ஆணையம்.

கடைசி இரண்டும் தனியாகப் பேசவேண்டியவை.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

அக்ரிமென்டை எடுத்து, பராமரிப்புக் கட்டணம் தவறினால் என்ன என்று சொல்லும் பிரிவைத் தேடுங்கள். அது இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

முதல் விதம்: "இத்தனை மாதம் அல்லது இத்தனை வருடம் செலுத்தத் தவறினால் மெம்பர்ஷிப் ரத்தாகும், செலுத்திய தொகை பறிமுதலாகும்." மிரட்டல் போலப் படித்தாலும் வெளியேற நினைப்பவருக்கு இது வாசல். நீங்கள் நிறுத்தினால் ஒப்பந்தம் அங்கேயே முடிகிறது.

இரண்டாம் விதம்: "செலுத்தும்வரை பயன்பாடு நிறுத்தி வைக்கப்படும், நிலுவையுடன் வட்டி சேரும்." இங்கே நீங்கள் அறைக்குப் போக முடியாது, ஆனால் பில் ஓடிக்கொண்டே இருக்கும். பேசாமல் விட்டால் ஐந்து வருடம் கழித்து ஒரு வக்கீல் நோட்டீஸ் பெரிய தொகையோடு வரலாம். இந்த வகையில் மௌனம் உதவாது. "இந்தத் தேதியிலிருந்து மெம்பர்ஷிப்பைத் தொடர விருப்பமில்லை, ரத்து செய்யவும், இதற்குப் பிறகு எந்தச் சேவையையும் பயன்படுத்த மாட்டேன்" என்று எழுத்தில் அனுப்பிவிட்டு நிறுத்தவேண்டும். அப்படி எழுதிய பிறகும், எந்தச் சேவையும் கொடுக்காமல் வருடாவருடம் பில் போட்டது நியாயமா என்ற கேள்வி நிறுவனத்தின் பக்கம் திரும்பும்.

சில ஒப்பந்தங்களில் இரண்டும் கலந்திருக்கும்: ரத்து செய்யும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு, ஆனால் செய்தாக வேண்டும் என்று இல்லை. அதை இரண்டாம் விதமாகவே எண்ணி நடப்பது பாதுகாப்பு.

இங்கே காலவரையறைச் சட்டமும் வருகிறது. பணம் வசூலிக்க வழக்குப் போட நிறுவனத்துக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் அவகாசம். ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் "நிலுவை இருப்பது தெரியும், பிறகு தருகிறேன்" என்று நீங்கள் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால், 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். கொஞ்சம் பணம் கட்டினாலும் இதே விளைவு வரலாம். ஆகவே ரத்துக் கடிதத்தில் நிலுவையை ஒப்புக்கொள்ளும் வாசகம் வேண்டாம். வசூல் ஆள் போனில் "ஆயிரம் ரூபாயாவது போடுங்கள்" என்று கெஞ்சுவது சும்மா அல்ல.

சிபில் மதிப்பெண் கெடுமா? இதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பராமரிப்புக் கட்டணம் கடன் அல்ல. கடன் தகவல் நிறுவனங்களுக்கு விவரம் கொடுப்பவை வங்கிகளும் நிதி நிறுவனங்களும். ஆனால் நுழைவுக் கட்டணத்தைக் கிரெடிட் கார்டு இஎம்ஐயிலோ நிதி நிறுவனக் கடனிலோ கட்டிக்கொண்டிருந்தால் அது தனி ஒப்பந்தம். ரிசார்ட்டின் மேல் உள்ள கோபத்தில் இஎம்ஐயை நிறுத்தினால் அடி விழுவது உங்கள் வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்கு. மெம்பர்ஷிப் ரத்தானாலும் கடன் தானாக மூடாது. பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கடன் கொடுத்தவரிடமும் தனியாக வாங்கவேண்டும். இஎம்ஐ முடிந்துவிட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: பராமரிப்புக் கட்டணத்துக்கு வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்க அனுமதி கொடுத்திருந்தால், ரத்துக் கடிதம் போன அன்றே அதையும் வங்கியில் நிறுத்துங்கள்.

நுகர்வோர் ஆணையம்: எது நிற்கும், எது நிற்காது

டைம்ஷேர் ஒரு சேவை, வாங்கியவர் நுகர்வோர். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்குப் பயன்படும் பகுதிகள் பல உண்டு.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம். "வழக்குகள் மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டவை" என்று அக்ரிமென்டில் எழுதியிருந்தாலும் திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியில் போடத் தடையில்லை. தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம்தான் போகவேண்டும் என்ற பிரிவும் நுகர்வோர் ஆணையத்தைத் தடுக்காது. எமார் எம்ஜிஎஃப் – அஃப்தாப் சிங் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியே போடலாம். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்தால், சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே சமரசத்துக்கு வந்துவிடும்.

பலருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று. ஒப்பந்த விதியே அநியாயமானது, அதைச் செல்லாது என்று அறிவிக்கவேண்டும் என்பது உங்கள் கோரிக்கையானால் மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. அது மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். நஷ்டத்துக்குப் பொருத்தமே இல்லாத அபராதம், காரணம் இல்லாமல் ஒருதலையாக ரத்து செய்யும் உரிமை, நுகர்வோரைப் பாதகமான நிலையில் தள்ளும் நியாயமற்ற கட்டணம் ஆகியவற்றைச் சட்டத்தின் 2(46) பிரிவு அநியாய ஒப்பந்தத்துக்கு உதாரணங்களாகச் சொல்கிறது. கட்டியதெல்லாம் பறிமுதல் என்ற விதியை எதிர்க்க 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் கைகொடுக்கும்: ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே எடுக்க முடியும்.

எதுவும் தானாக ஜெயித்துவிடாது. வலுவான வழக்குகள் இவை: அவகாசத்துக்குள் ரத்துக் கடிதம் கொடுத்தும் பணம் தராதது, கேட்ட தேதிகளில் எல்லாம் அறை இல்லை என்று மறுத்தது (அதற்கான மின்னஞ்சல்கள் கையில் இருந்தால்), கட்டப்போவதாகச் சொன்ன ரிசார்ட்டைக் கட்டாதது, எழுத்தில் உறுதி சொன்ன பரிசைத் தராதது. பலவீனமானவை: எட்டு வருடம் தங்கிவிட்டு மனம் மாறியது, "வாயால் சொன்னார்கள்" என்பது மட்டுமே ஆதாரமாக உள்ளது.

வாய்ச்சொல் ஏன் நிற்பதில்லை என்றால், பணம் கட்டிய மறுநாள் பல நிறுவனங்களிலிருந்து ஒரு வரவேற்பு அழைப்பு வரும். இனிமையான குரலில், "ஒப்பந்தத்தில் உள்ளதைத் தவிர வேறு எந்த உறுதியும் உங்களுக்குத் தரப்படவில்லை, சரிதானே?" என்று ஒரு கேள்வி நடுவில் வரும். நாமும் "ம், சரி" என்றிருப்போம். அந்த ஒலிப்பதிவு வழக்கில் முதல் ஆவணமாக வந்து நிற்கும். இப்போதுதான் வாங்கியவர்களுக்கு இது பயன்படும்: அந்த அழைப்பில், விற்பனையாளர் சொன்ன ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

புகாருக்கு வரம்பு இரண்டு வருடம். எந்த நாளிலிருந்து இரண்டு வருடம் என்பதில்தான் சண்டை நடக்கும். அறை மறுக்கப்பட்ட நாள், ரத்துக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட நாள் போன்றவை எழுத்தில் இருந்தால் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது என்று வாதிட முடியும். அதனால்தான் போனில் கேட்பதைவிட மின்னஞ்சலில் கேட்டு மறுப்பை வாங்குவது நல்லது.

"உங்கள் மெம்பர்ஷிப்புக்கு ஆள் இருக்கிறது"

வெளியேற நினைப்பவர்களைக் குறிவைத்து ஒரு தனித் தொழிலே நடக்கிறது. அழைப்பவருக்கு உங்கள் பெயர், மெம்பர்ஷிப் எண், வாங்கிய வருடம் எல்லாம் தெரிந்திருக்கும். ஒரு கார்ப்பரேட் கம்பெனி உங்களுடையதை 6 லட்சத்துக்கு எடுத்துக்கொள்ளத் தயார் என்பார். ஜிஎஸ்டி, என்ஓசி கட்டணம், டிடிஎஸ் ஏதாவது ஒன்றை மட்டும் முன்கூட்டிக் கட்டவேண்டும். கட்டியதும் இன்னொரு கட்டணம் முளைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க சட்ட அறிவு தேவையில்லை. டிடிஎஸ் என்பது பணம் கொடுப்பவர் அந்தப் பணத்திலிருந்தே பிடித்துக்கொள்வது. பணம் பெறுபவர் முன்னால் கட்டுவது அல்ல. 6 லட்சம் தரப்போகிறவர் 60,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரலாமே என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு நீண்ட கதை வரும், பணம் வராது.

விவரம் தெரிந்திருப்பது நம்பகத்துக்குச் சான்று அல்ல. மெக்சிகோவில் டைம்ஷேர் வாங்கிய அமெரிக்கர்களைக் குறிவைத்து, ஹாலிஸ்கோ போதைக் கும்பல் அழைப்பு மையங்களே நடத்தியதாக அமெரிக்க நிதித்துறை கூறுகிறது. உரிமையாளர் பட்டியல் அவர்களுக்குக் கிடைத்தது ரிசார்ட்டுகளுக்குள் இருந்த கூட்டாளிகளிடமிருந்து. 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 பேர் ஏறக்குறைய 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் செய்ததாக எஃப்பிஐ கணக்கு சொல்கிறது. விற்றுத் தருகிறோம் என்று தொடங்கி, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று வேறொரு குரலில் திரும்பவும் வந்து கறந்திருக்கிறார்கள்.

வெளிநாட்டில் வாங்கியவர்களுக்கு

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ சுற்றுலா போன இடத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு வகையில் நிலைமை மேல், ஒரு வகையில் மோசம்.

மேல் என்பது, ரத்து அவகாசம் அங்கே சட்ட உரிமை. ஃபுளோரிடாவில் 10 நாள், கலிஃபோர்னியாவில் 7, நெவாடாவில் 5. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 14 நாள். அந்த 14 நாளுக்குள் முன்பணம் வாங்குவதே அங்கே தடை. சிங்கப்பூரில் 5 வேலை நாள். எந்த இடத்தின் சட்டம் என்பது பொதுவாக ரிசார்ட்டையும் ஒப்பந்தம் நடந்த இடத்தையும் பொறுத்தது. நெவாடாவின் லாஸ் வேகஸில் கையெழுத்திட்டவர் டல்லாஸ் திரும்பி, பெட்டியைப் பிரித்து, யோசித்து முடிப்பதற்குள் ஐந்து நாள் போய்விடும்.

மோசம் என்பது, பத்திர வகையாக இருந்தால் கட்டாமல் விட்டு நகர முடியாது. பராமரிப்புக் கட்டண நிலுவை அந்தச் சொத்தின் மேல் ஏறும், ஜப்தி வரை போகும், கடன் மதிப்பெண்ணைக் கெடுக்கும். அங்கேயும் முதலில் தட்டவேண்டியது நிறுவனத்தின் கதவுதான். கடன் பாக்கியும் கட்டண நிலுவையும் இல்லாதவர்களிடமிருந்து பத்திரத்தைத் திரும்பப் பெறும் திட்டம் பல பெரிய நிறுவனங்களிடம் உண்டு. விளம்பரம் செய்ய மாட்டார்கள், கேட்கவேண்டும். வெளியேற்றித் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கும் கம்பெனிகளைப் பற்றி ஓர் உதாரணம் போதும்: மிசௌரியைச் சேர்ந்த ஒரு குழுமம் இப்படி 9 கோடி டாலருக்கு மேல் சுருட்டியதாக 2022-ல் அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையமும் விஸ்கான்சின் மாநிலமும் வழக்குப் போட்டன.

ஸ்பெயினில் வாங்கியவர்களுக்குத் தனி வாய்ப்பு உண்டு. அங்கே 1998-ஆம் ஆண்டுச் சட்டம் டைம்ஷேருக்கு 50 வருட உச்சவரம்பு வைத்தது. அதைத் தாண்டிய ஒப்பந்தங்களைச் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-லிருந்து தீர்ப்பளித்து வருகிறது. கனேரித் தீவுகளில் ஆயுளுக்கும் என்று வாங்கிய பிரிட்டன்வாசிகள் பலர் இதை வைத்து வழக்காடியிருக்கிறார்கள். தீர்ப்பு கிடைத்தாலும், விற்ற கம்பெனி இன்னும் இயங்குகிறதா, அதனிடம் பணம் இருக்கிறதா என்பதை வக்கீலுக்குக் கட்டணம் கொடுக்கும் முன்பே விசாரிக்கவேண்டும்.

பெற்றோர் விட்டுப்போன டைம்ஷேரைப் பிள்ளைகள் ஏற்றுத்தான் ஆகவேண்டுமா? இந்தியாவில் இறந்தவரின் பாக்கிக்கு அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே வாரிசுகள் பொறுப்பு. இறப்புச் சான்றிதழை வைத்து, மெம்பர்ஷிப்பைத் தொடரவில்லை என்று எழுதினால் போதும். நிறுவனம் பெயர் மாற்றப் படிவத்தை நீட்டினால் நிரப்பவேண்டாம். அமெரிக்காவில் வேண்டாத பரம்பரைச் சொத்தை எழுத்தில் மறுக்க உரிமை உண்டு. வரிச் சட்டம் அதற்குத் தரும் அவகாசம் ஒன்பது மாதம். அதற்குள் ஒருமுறை அந்த வாரத்தைப் பயன்படுத்தினாலோ ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டாலோ ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம். எனவே அப்பாவின் பெயருக்கு வந்த பில்லைத் தொடுவதற்கு முன் அந்த மாநிலத்து வக்கீல் ஒருவரிடம் மறுப்புக் கடிதத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.